சிறிய வீட்டில் பிள்ளைகளின் கைவேலைப் பொருட்கள்

ஸ்கீவவிலிருந்து வடக்கே சென்று, 1978இல் திறக்கப்பட்ட சலிங்சுண்ட் பாலத்தைக் கடந்தால் மோர்ஸ் தீவு. நம் பிள்ளைகள் கோர்த்து அடுக்கும் ‘ஹாமா’ மணிகள் அங்கேதான் தயாராகின்றன. சாதாரண மணி 5 மில்லிமீற்றர் அளவே. சின்னக் குழந்தை வாயில் போட்டால் மூச்சடைக்கலாம். எனவே மணிகளையும் கத்தரிக்கோலையும் பழைய பிஸ்கற் ரின்களில் இட்டு, இறுக மூடி, அலுமாரியின் மேற்தட்டில் வையுங்கள்.

மெழுகு வர்ணக்கட்டிகளைச் சூடேற்றிக்கு அருகில் வைத்தால் இளகிவிடும். பசை, நிறப் பென்சில்களைச் சப்பாத்துப் பெட்டியிலிட்டுக் கட்டிலின் கீழே தள்ளலாம். நத்தார் இதயம் பின்னும் மினுமினுப்புத் தாளை மடிக்காமல் கோப்பில் வையுங்கள்.

வரைந்த படங்களில் நல்லவற்றைத் தெரிந்து, பின்புறம் பெயரும் திகதியும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். இடம்பெயர்ந்த நம்மில் பலரிடம் சிறுவயதுப் பொருள் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளுக்காவது மிஞ்சட்டும்.