நள்ளிரவின் சாட்சி

கிழங்கு முற்றும் பருவம் நெருங்கும்போதுதான் தோட்டக்காரரின் உறக்கம் கெடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளிலும் அடிவாரச் சிற்றூர்களிலும் வாழும் குடும்பங்கள் இதனை நன்கறியும். மாலையில் செழித்து நின்ற பாத்தி காலையில் கிளறுண்டு கிடக்கும். "காட்டுப்பன்றியின் வேலை" என்பார் ஒருவர். "இல்லை, முள்ளம்பன்றி" என்பார் மற்றொருவர். விசாரணை இன்றியே தீர்ப்பு வழங்கப்படும். சிலர் வேலியில் மின்சாரத்தையும் பாய்ச்சி விடுவர்.

மின்கம்பி குற்றவாளியைத் தேர்ந்து தண்டிப்பதில்லை. 2023 மார்ச் மாதத்தில், தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டத்திற்குப் புறம்பாக இடப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. உடன் வந்த இரு குட்டிகள் மட்டுமே தப்பின. இருளில் வயலுக்குச் செல்லும் மனிதரும் இத்தகைய கம்பிகளுக்குப் பலியாவதுண்டு.

எனவே, வருவது யார் என்று அறிவதே முதற்கடமை. அதற்கு உதவுவது தானியங்கி வனக் கேமரா. இதன் கருத்து புதியதன்று. 1920-களில் ஆங்கிலேய வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், வட இந்தியக் காடுகளில் புலி நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டி, அது இடறியதும் படம் பதியுமாறு செய்தார். இன்றைய கருவிக்குக் கம்பி வேண்டா. வெப்பமுள்ள உடல் எதிரே நகர்ந்ததும் அதனை உணர்ந்து, அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்து, நாளையும் நேரத்தையும் பொறித்து வைக்கிறது. இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளையாகவே அமையும்.

இதனை அமைப்பது எளிது. பிராணி நுழையும் தடத்தை நோக்கி, முழங்கால் உயரத்தில், உறுதியான கம்பத்தில் கட்டுக. முன்னே அசையும் புல்லையும் இலைகளையும் அகற்றுக. இல்லையேல் வீண் படங்களே நிறையும். எழுகதிரும் விழுகதிரும் நேரே படாதவாறு வடக்கு அல்லது தெற்கு நோக்கித் திருப்புக. ஓரிரவோடு முடிவு செய்யாமல் சில இரவுகள் பொறுத்திருங்கள். அயலார் வீடும் பொதுப்பாதையும் படத்தில் விழாதிருத்தல் நாகரிகம்.

வந்தவரை அறிந்தால் பரிகாரமும் தெளிவாகும். முள்ளம்பன்றியும் முயலும் எனில், கம்பிவலையின் அடியை ஓரடி ஆழம் மண்ணில் புதைக்க வேண்டும். காட்டுப்பன்றி மூக்கால் நெம்பித் தூக்குமாதலால், வலை கனமாகவும், தரையோடு இறுகப் பிணைக்கப்பட்டும் இருத்தல் வேண்டும். பகலில் வந்து நாற்றைக் கொத்தும் மயிலுக்குப் பாத்தியின் மேல் வலை விரித்தாலே போதும். காட்டெருமையோ யானையோ தென்பட்டால், நாமே எதிர்த்து நிற்றல் ஆபத்து. வனத்துறையினருக்கு உடனே தெரிவிப்பதே அறிவுடைமை. அப்போது நாளும் நேரமும் பொறித்த படம் நம் முறையீட்டிற்குத் துணைநிற்கும்.

கேமரா எவ்விலங்கையும் விரட்டாது. விளைச்சலையும் தானே காக்காது. அது சாட்சி மட்டுமே. ஆயினும் சாட்சியைக் கேட்ட பின் இடும் வேலி வீண்செலவாவதில்லை; குற்றமற்ற உயிரையும் பறிப்பதில்லை. நம் பிள்ளைகள் உண்ணும் காய்கறியைக் காப்பது நம் உரிமை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மரணத்தைக் கம்பியில் பாய்ச்சுவது உரிமையாகாது.