கேள்வி கேட்பவருக்கு என்ன சம்பளம்?

அண்மையில் ஒரு நாள் மாலை, நம் நண்பரொருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்திருந்தார். நண்பர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். மகள் உயர்தரப் பரீட்சையிற் கணிதப் பிரிவில் சித்தியெய்தி, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எப்போது வெளிவருமெனக் காத்திருப்பவள். நண்பரின் கையிலே மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அதில் 74,680 என்று ஓர் எண் எழுதி, அருகிலே அதனை ரூபாய்க்குப் பெருக்கியும் போட்டிருந்தார். ஐக்கிய அமெரிக்காவிலே சந்தை ஆய்வாளர் ஒருவர் ஓராண்டிற் பெறும் சம்பளம் அத்தனை டொலர் என்றும், மகளை அங்கு அனுப்பி அத்துறையிற் படிப்பிப்பதற்குக் காணித் துண்டொன்றை ஈடுவைக்கத் தாம் எண்ணியிருப்பதாகவும் கூறினார். “கணக்குச் சரிதானே?” என்பது அவர் நம்மிடம் கேட்ட கேள்வி.

பெருக்கல் சரிதான். எண்ணும் பொய்யன்று. அமெரிக்கத் தொழில் திணைக்களத்தைச் சேர்ந்த தொழிற் புள்ளிவிபரப் பணியகம் 2023ஆம் ஆண்டு மே மாதத்துக்கென வெளியிட்ட தொகையே அது. ஆனால் ஒரு காணித் துண்டை நம்பி ஒப்படைக்கத்தக்க எண்ணா அது என்பதே நாம் அன்று மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்த விஷயம். நம் நண்பரைப் போலவே இன்று பல பெற்றோர் இத்தகைய காகிதங்களை மடித்து வைத்திருப்பராதலின், அப்பேச்சின் சாரத்தை இங்கே எழுத விழைந்தோம்.

முதலில் இத்தொழில் யாது? வீட்டு வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்று, “எந்தச் சவர்க்காரம் பாவிக்கிறீர்கள்? பால்மா எந்த வகை? மாதம் எத்தனை பெட்டி?” என்று கேட்டுக் குறித்துச் செல்வதை நம் இல்லத்தரசிகள் அறிவர். பலர் அவரைத்தான் சந்தை ஆய்வாளர் என்று எண்ணுகின்றனர். அவர் விவரம் திரட்டுபவர்; பெரும்பாலும் மணிக்கணக்கிற் கூலி பெறுபவர். அக்கேள்விகளை ஆக்கியவர், எந்தத் தெருவில் எத்தனை வீடுகளைத் தட்டினால் நாடு முழுவதற்கும் பொருந்தும் விடை கிடைக்குமெனக் கணித்தவர், வந்த விடைகளைப் பகுத்து, “இப்பண்டத்தை இவ்விலைக்கு விற்கலாம், இந்நகரில் விற்கவேண்டாம்” என்று கம்பனிக்கு எழுதிக் கொடுப்பவர் வேறொருவர். அவரே ஆய்வாளர்.

இத்தொழிலின் முன்னோடியென அமெரிக்கர் போற்றும் சார்ள்ஸ் கூலிட்ஜ் பார்லின் என்பவரும் நம் நண்பரைப் போல ஒரு பள்ளிக்கூட ஆசிரியரே. விஸ்கொன்சின் மாநிலத்திற் படிப்பித்துக் கொண்டிருந்தவரை, 1911ஆம் ஆண்டிலே கேர்ட்டிஸ் என்னும் சஞ்சிகைப் பதிப்பகம் அழைத்துத் தன் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக்கிற்று. அவரைப் பற்றி ஒரு கதை அத்துறையில் இன்றும் வழங்குகிறது. தகரத்தில் அடைத்த சூப் விற்கும் காம்பெல் கம்பனியார், தம் பண்டத்தை வாங்குவோர் செல்வர்கள்தாம் என்றும், கேர்ட்டிஸ் நிறுவனத்தின் சஞ்சிகையைத் தொழிலாளரே படிப்பதால் அதில் விளம்பரம் செய்தல் வீண் என்றும் மறுத்தனராம். பார்லின் வாதாடவில்லை. பிலடெல்பியா நகரிற் பல பகுதிகளின் குப்பையைத் திரட்டி, வெற்றுத் தகரங்களை எண்ணச் செய்தார். செல்வர் வீட்டுக் குப்பையிலே சூப்புத் தகரம் அருகியே கிடந்தது. அங்கே சமையற்காரர் சூப் வைத்தனர். தொழிலாளர் வீட்டுக் குப்பையில்தான் தகரங்கள் நிறைந்திருந்தன. விளம்பரம் கிடைத்தது. தகரத்தை எண்ணுவது எவருக்கும் கூடும். குப்பையை எண்ணினால் விடை கிடைக்கும் என்று கண்டதற்கன்றோ சம்பளம்!

இனி அந்த எண்ணுக்கு வருவோம். அது சராசரியன்று, இடையம். பாடசாலையிற் படித்த இடையந்தான். இத்தொழிலில் உள்ள அனைவரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் பெறும் தொகை அது. அவருக்குக் கீழே பாதிப்பேர் உள்ளனர். அதே பணியகம் அதே ஆண்டுக்குத் தரும் வேறிரு எண்களை நண்பர் எழுதிக்கொண்டு வரவில்லை. கடைசிப் பத்து வீதத்தினர் பெற்றது 40,040 டொலருக்கும் குறைவு. முதற் பத்து வீதத்தினர் பெற்றது 137,040 டொலருக்கும் அதிகம். படிப்பை முடித்து முதன்முதல் வேலைக்குச் செல்லும் பிள்ளை வரிசையின் நடுவிலே போய் நிற்பது அரிது. கடைப்பக்கத்திலிருந்துதான் நடக்கத் தொடங்கவேண்டும். கணித ஆசிரியரல்லவா, இதைக் கேட்டதும் நண்பர் சற்று வெட்கத்தோடு சிரித்தார். “பிள்ளைகளுக்கு இதையே முப்பது வருஷம் படிப்பித்தேன்” என்றார்.

இன்னொன்றும் உண்டு. பணியகம் அவ்வெண்ணைச் சந்தை ஆய்வாளருக்கு மட்டும் தனித்துத் தருவதில்லை. விற்பனை மேம்பாட்டு நிபுணர்களையும் அவர்களோடு ஒரே தலைப்பிற் சேர்த்தே கணக்கிடுகிறது. 2023இல் அத்தலைப்பின் கீழ் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேர் இருந்தனர். மாதிரியெடுப்பிற் பல்லாண்டு பழகிய நிபுணரும், விளம்பரத் திட்டம் வகுக்கும் நேற்றைய பட்டதாரியும் ஒரே கூட்டத்தில் நிற்கின்றனர். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒரே சம்பளம் எங்ஙனம் பொருந்தும்?

சம்பளம் இங்ஙனம் பரந்து கிடப்பதற்கு மூலகாரணம் ஒன்றே என்பது நம் கருத்து. இத்தொழிலுக்கு வாயிற்கதவு இல்லை. வைத்தியராக வேண்டுமாயின் வைத்தியப் பட்டமும் பதிவும் வேண்டும், வழக்கறிஞருக்கும் அவ்வாறே. சந்தை ஆய்வாளருக்கோ புள்ளிவிபரவியல், பொருளியல், உளவியல், சமூகவியல், வர்த்தகம், கணினி என எவ்வழியாலும் உள்ளே வரலாம். அனுமதிப்பத்திரம் எதுவும் இல்லை. வருவது எளிது, ஆதலால் பதவியின் பெயர் எவருக்கும் சம்பளத்தை உறுதி செய்வதில்லை.

இவ்வாயிற்கதவின்மை வெளிநாட்டவரை எவ்வாறு தாக்கியது என்பதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவிலே பட்டதாரி ஊழியருக்கு அளிக்கும் எச்-1பி விசாவைப் பெற, அத்தொழிலுக்குக் குறித்த ஒரு துறைப் பட்டம் இன்றியமையாதது எனக் காட்டவேண்டும். சந்தை ஆய்வாளர் பல துறைகளிலிருந்தும் வருகின்றனர் என்பதைக் காரணங்காட்டிக் குடிவரவு அதிகாரிகள் பல விண்ணப்பங்களை நிராகரித்தனர். அதன்மேல் 2020இல் கலிபோர்ணியாவிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டு, 2021இல் இணக்கத்தில் முடிந்தது. நிராகரிக்கப்பட்டவற்றை மீள ஆராயவும் வழி பிறந்தது. வழக்கு நன்றாகவே முடிந்தது. ஆயினும் காணியை ஈடுவைப்பவர் இதனை அறிந்திருத்தல் நன்று.

வரிசையிற் பின்னே நிற்பவரை முன்னே நகர்த்துவன எவை? தீர்மானம் எடுக்கும் மேசைக்கு ஒருவர் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதையே நாம் முதலிற் சொல்வோம். அட்டவணை தயாரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து செல்பவருக்கு ஒரு சம்பளம். “இதைச் செய்யாதீர்கள், நட்டம் வரும்” என்று சொல்லி, அதற்குப் பொறுப்பும் ஏற்பவருக்கு வேறொரு சம்பளம். பிழை எவ்வளவு பெரிதாகுமோ அவ்வளவுக்கு அதனைத் தடுப்பவரின் மதிப்பும் உயரும். 1985ஆம் ஆண்டிற் கொக்கா கோலா கம்பனியார் தம் பழைய பானத்தின் சுவையை மாற்றினர். மாற்றுமுன் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேருக்குப் புதிய பானத்தைக் கொடுத்துச் சுவைக்கச் செய்தனர். புதியதே இனிது என்றனர் பெரும்பாலார். ஏப்ரல் 23ஆம் திகதி புதியது வந்தது. நாடெங்கும் கூச்சல் எழுந்தது. 79ஆம் நாள், ஜூலை 11ஆம் திகதி, பழையது திரும்ப வருகிறதென்று கம்பனியார் அறிவித்தனர். இரண்டு இலட்சம் விடைகளும் மெய்யே. எது இனிது என்று கேட்டார்கள். பழையதை எடுத்துவிட்டால் உமக்கு எப்படியிருக்கும் என்பதை வேண்டிய அளவு கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை வற்புறுத்திக் கேட்டு, விடையை மேலிடத்தார் காதில் ஏறும்படி சொல்ல வல்லவர் ஒருவருக்கு என்ன சம்பளம் கொடுத்தாலும் தகும்.

அடுத்தது யாருக்கு வேலை செய்கிறார் என்பது. பெருங்கம்பனிகளின் தலைமையகங்களும், வங்கி, காப்புறுதி நிறுவனங்களும் கூடுதலாகக் கொடுக்கின்றன. ஆய்வையே பண்டமாக விற்கும் ஆலோசனை நிறுவனங்கள் பொதுவாகக் குறைவாகக் கொடுக்கின்றன. இது சற்று வியப்பாக இருக்கலாம். ஆனால் அந்நிறுவனங்களிலேதான் புதியவர் தொழில் பழகுகின்றனர், பழகியபின் வங்கிக்கோ பெருங்கம்பனிக்கோ செல்கின்றனர் என்பதை நினைத்தால் விளங்கும்.

ஊரும் ஒரு காரணம். சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே, சியாட்டில் முதலிய நகரங்களிற் சம்பளம் அதிகம். வீட்டு வாடகையும் அப்படியே. இதனுடன் வரியையும் எண்ணவேண்டும். ஓய்வூதியக் காப்பு, முதியோர் வைத்தியக் காப்பு என்பவற்றுக்காக மட்டும் சாதாரண ஊழியரின் சம்பளத்தில் 7.65 வீதம் கழிகிறது. அதன்மேற் சமஷ்டி வருமான வரி. நியூ யோர்க், கலிபோர்ணியா மாநிலங்கள் தாமும் வருமான வரி அறவிடுகின்றன. டெக்சாஸ், வோஷிங்டன் மாநிலங்கள் சம்பளத்துக்கு அவ்வாறு அறவிடுவதில்லை. ஆண்டுக்கு 40,040 டொலர் என்பதைப் பன்னிரண்டாற் பிரித்தால் மாதம் 3,337. பெருநகரில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்தபின் கடன்காரருக்கு என்ன மிஞ்சும்? ரூபாய்க்குப் பெருக்குபவர்கள் அங்கே செலவும் டொலரில்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கணித அறிவைப் பற்றி நாம் சொன்னபோதுதான் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 2023இல் அந்நாட்டிற் புள்ளிவிபரவியலாளரின் இடையச் சம்பளம் ஒரு இலட்சம் டொலருக்கு மேல். தரவு விஞ்ஞானி எனப்படுவோருக்கும் அவ்வாறே. மாறாக, மக்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தும் ஆய்வாளருக்கு அது 61,000 டொலர் அளவினது. சந்தை ஆய்வாளர் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறார். எண்ணிலே கைதேர்ந்தவர் மேற்பக்கத்தை நோக்கி நகர்கிறார். முதுமாணிப் பட்டம் இருந்தால் நகர்வது இலகுவாகும். அட்டவணை போடுதலும் வரைபடம் கீறுதலும் இன்று கணினியின் வேலையாகி வருகின்றன; அவற்றை மட்டும் கற்றவருக்கு இனிமேற் கஷ்டந்தான். ஆனால் தொழில் குறைந்துவிடுமென நாம் சொல்லவில்லை. 2023 முதல் 2033 வரை இத்தொழிலில் வேலைகள் 8 வீதம் பெருகுமெனப் பணியகம் எதிர்பார்த்தது.

“அப்படியானால் மாமா, நான் முதலில் புள்ளிவிபரவியலைப் படித்தால் என்ன? அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறதே” என்றாள் மகள். அதற்கு நண்பர் உடனே விடை சொல்லவில்லை. காகிதத்தை வாங்கித் தம் பெருக்கலுக்குக் கீழே 40,040 என்று எழுதினார், பன்னிரண்டாற் பிரித்தார், கழிவையும் வாடகையையும் உத்தேசமாகப் போட்டுக் கழித்தார். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஈட்டுக் கதையை வெட்டுப்புள்ளி வந்தபின் பேசுவோம்” என்று எழுந்து, செருப்பை மாட்டினார். காகிதத்தை மகள் கேட்டு வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.