சர்க்கரை நூற்கும் ராட்டினம்

தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் சுற்றுவட்டார ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். சாமிக்குப் பின்னால் ஊர் வரும், ஊருக்குப் பின்னால் கடை வரும். மாசி மகத்தன்று இதே கூட்டம் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் திரளும். ஆனியிலும் மார்கழியிலும் நடராசரின் தேர் நகரும்போது சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் கால் வைக்க இடமிருக்காது. டிக்கெட் வாங்கி உள்ளே போகும் கேளிக்கைப் பூங்காக்கள் பெருநகரங்களுக்கு வந்தது அண்மையில்தான். கடலூர், சிதம்பரத்துப் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் திருவிழாத் திடல்தான் கேளிக்கைப் பூங்கா.

அங்கே தின்பதற்கா பஞ்சம்? மிளகாய் பஜ்ஜி, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பத்தை, மசாலாப் பொரி, டெல்லி அப்பளம் என்று வரிசை கட்டி நிற்கும். இவை எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டிலேயே செய்துவிடலாம். பஜ்ஜிக்கு ஒரு கடாய் போதும், சுண்டலுக்கு ஒரு குண்டான் போதும். அடுக்களைப் பாத்திரம் எதுவும் உதவாத பண்டம் ஒன்று உண்டு. அதற்கென்று ஒரு இயந்திரம் இருந்தால்தான் அது பிறக்கும். அதுதான் பஞ்சுமிட்டாய்.

அந்த இயந்திரத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. பிள்ளைகளின் கண் மிட்டாயில், பெற்றோரின் கை பணப்பையில். ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் ஒரு பௌதிகப் பாடமே அங்கே நடப்பது தெரியும்.

தட்டுக்குள் என்ன நடக்கிறது?

முதலில் தெரிவது ஓர் அகலமான வட்டத் தட்டு, அலுமினியத்திலோ தகரத்திலோ செய்தது. அதன் நடுவே ஒரு சிறு கிண்ணம் சுழல்கிறது. இயந்திரத்தின் தலை என்பது இதுதான். கிண்ணத்தின் பக்கவாட்டில் நுண்ணிய துளைகள் அல்லது கம்பிவலை இருக்கும். தள்ளுவண்டிக் கடைகளில் கிண்ணத்தின் அடியில் எரிவாயுச் சுடரும், சுழற்றுவதற்கு ஒரு சிறிய மோட்டாரும் இருக்கும். பழைய வண்டிகளில் இந்த வேலையைக் கைப்பிடியோ கால்மிதியோ செய்தது. கடைகளிலும் பெரிய பூங்காக்களிலும் உள்ள மின் இயந்திரங்களில் சூடேற்றும் கம்பிச்சுருள் தலைக்குள்ளேயே இருக்கும்.

கடைக்காரர் ஒரு கரண்டிச் சர்க்கரையைக் கிண்ணத்தில் போடுகிறார். அது மாவாக இல்லாமல் பரல்பரலாக இருக்க வேண்டும். பொடித்த சர்க்கரையாக இருந்தால் உருகுவதற்கு முன்பே துளை வழியாகப் புழுதியாய்ப் பறந்துவிடும். பரல் சர்க்கரை சூடான சுவரில் ஒட்டி, ஏறத்தாழ 186 டிகிரி செல்சியஸில் உருகிப் பாகாகிறது. தண்ணீர் ஒரு சொட்டும் சேராத பாகு இது. திடலின் ஒரு மூலைக்கே அடையாளமான அந்தக் கருகல் கலந்த இனிப்பு வாசனை, உருகும் சர்க்கரையில் ஒரு பகுதி சிதைந்து பழுப்பேறுவதால் வருவது.

அடுத்த வேலையைச் சுழற்சி செய்கிறது. குடை ராட்டினத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரியும், வேகம் பிடித்ததும் உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளப்படும், தொங்கும் இருக்கை விரிந்துகொண்டு போகும். கிண்ணத்துக்குள் இருக்கும் பாகுக்கும் அதே நிலைதான், அளவு மட்டும் வேறு. மின்சார இயந்திரத்தின் தலை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுற்றும். தலையின் குறுக்களவு 12 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், விளிம்பில் இருக்கும் பாகின் மீது புவியீர்ப்பைப் போல 600 மடங்கு விசை வேலை செய்கிறது. இத்தனை வேகத்தில் வெளியே தள்ளப்படும் பாகுக்குத் துளையைத் தவிர வேறு வழியில்லை. துளையைத் தாண்டியதும் மெல்லிய இழையாக நீளுகிறது. வெளிக்காற்று பட்ட கணத்தில் இறுகுகிறது. தட்டின் ஓரத்தில் சிலந்தி வலைபோல் படரும் இந்த இழைகளைக் கடைக்காரர் ஒரு குச்சியால் சுற்றிச் சுற்றி எடுக்கிறார். ராட்டையில் பஞ்சு நூலாகும். இங்கே சர்க்கரை நூலாகிப் பஞ்சாகிறது.

தின்னக்கூடிய கண்ணாடி

டப்பாவில் இருக்கும் சர்க்கரைக்கும் தட்டில் படரும் இழைக்கும் வேதியியலில் வேறுபாடு மிகக் குறைவு. இரண்டும் சுக்ரோஸ்தான். மாறியது மூலக்கூறுகள் நிற்கும் ஒழுங்கு. பரல் சர்க்கரையில் அவை அணிவகுத்து நிற்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு பரலுக்கும் பட்டையும் முனையும் இருக்கின்றன. உருக்கியதும் அணிவகுப்பு கலைகிறது. மெதுவாக ஆறவிட்டால் மறுபடி அணிவகுக்க நேரம் கிடைக்கும். பஞ்சுமிட்டாயில் அந்த நேரம் கிடைப்பதில்லை. கலைந்தது கலைந்தபடியே உறைந்துபோகிறது. இப்படி ஒழுங்கில்லாமல் உறைந்த திடப்பொருளைத்தான் விஞ்ஞானிகள் கண்ணாடி நிலை என்கிறார்கள்.

நிறம் சேர்க்காத பஞ்சுமிட்டாயிலிருந்து ஓர் இழையை மட்டும் பிரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள், ஊடே வெளிச்சம் தெரியும். தனி இழைக்கு நிறம் கிடையாது. ஆயிரக்கணக்கான இழைகள் காற்றை இடையில் வைத்துக்கொண்டு பின்னும்போது ஒளி திசைக்கொன்றாகச் சிதறுகிறது. அதனால் மொத்தமும் வெள்ளையாகத் தெரிகிறது. கூரைகளிலும் குளிர்பதன அறைகளிலும் வெப்பத்தைத் தடுக்கப் போடும் கண்ணாடிப் பஞ்சையும் பாறைப் பஞ்சையும் இதே சுழற்சி முறையில்தான் ஆலைகள் தயாரிக்கின்றன.

திடலில் சற்றுத் தள்ளி ஜவ்வுமிட்டாய்க்காரர் நிற்பார், கம்பின் உச்சியில் பொம்மை கைதட்டும். அதுவும் சர்க்கரைப் பாகுதான். அங்கே இயந்திரம் இல்லை. பாகை இழுத்து மடித்து இழுத்து மடித்து, உள்ளே காற்றைப் புகுத்திக் கையாலேயே பதம் கொண்டுவருகிறார்கள். சோன்பப்டியின் இழைகளும் இழுத்துப் பிரித்தவையே. துருக்கியிலும் ஈரானிலும் சீனாவிலும் இப்படி இழுத்துச் செய்யும் மிட்டாய்கள் பல காலமாக உண்டு. இழுக்கும் கையை எடுத்துவிட்டுச் சுழலும் கிண்ணத்தை வைத்ததுதான் பஞ்சுமிட்டாயின் புதுமை.

கண்டுபிடித்தவர் பல் மருத்துவர்

இந்தப் புதுமையைச் செய்தவர்களில் ஒருவர் பல் டாக்டர் என்றால் சிரிப்பு வரும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் மாரிசன், அதே ஊர் மிட்டாய்க்காரர் ஜான் வார்ட்டன் ஆகிய இருவரும் 1897-இல் இந்த இயந்திரத்தை உருவாக்கினார்கள். 1899 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. 1904-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து உலகக் கண்காட்சியில் 'தேவதை நூல்' என்ற பொருள்படும் பெயரில் கடை போட்டு, மரப்பெட்டியில் அடைத்து, பெட்டி 25 சென்ட் என்று விற்றார்கள். கண்காட்சி நுழைவுக் கட்டணமே 50 சென்ட்தான். அதில் பாதி விலை கொடுத்து மக்கள் 68,655 பெட்டி வாங்கினார்கள். ஆக, பஞ்சுமிட்டாய் பிறந்த கையோடு பொருட்காட்சிக்கு வந்துவிட்டது. இன்றுவரை அங்கிருந்து நகரவில்லை.

தொடக்க கால இயந்திரங்கள் கடகடவென்று ஆடும், அடிக்கடி பழுதாகும். சுழலும் தலைக்குள் சர்க்கரை ஒரு பக்கம் கூடிவிட்டால் எடை சாய்ந்து இயந்திரமே குலுங்கும். 1949-இல் சின்சினாட்டி நகரத்துக் கோல்டு மெடல் நிறுவனம் அடியில் ஸ்பிரிங் வைத்த இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் ஆட்டம் அடங்கியது.

கதை மறுபடி நாஷ்விலுக்கே திரும்பியது இன்னொரு வேடிக்கை. அந்நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் லியான் பெல்லன் என்ற பொறியாளர், செயற்கை உறுப்புகளுக்குள் தந்துகிகளை, அதாவது மயிரிழையிலும் மெல்லிய ரத்தக் குழாய்களை, அமைக்க வழி தேடினார். பஞ்சுமிட்டாய் இயந்திரம் நூற்கும் இழை மனித முடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு என்பது அவருக்கு வழி காட்டியது. அதே முறையில் வேறொரு பொருளை நூற்று, அதைச் சுற்றிக் கூழ்மத்தை ஊற்றி இறுகவிட்டு, பிறகு இழைகளை மட்டும் கரைத்துவிட்டார். இழை இருந்த இடமெல்லாம் குழாய் ஆயிற்று. அந்தக் குழாய்களின் வழியே ஊட்டம் செலுத்தி, உள்ளிருந்த உயிரணுக்களை ஒரு வாரத்துக்கும் மேல் பிழைக்க வைத்ததாக 2016-இல் அவருடைய குழு அறிவித்தது.

கடற்காற்று என்னும் பகை

பஞ்சுமிட்டாய்க்குச் சர்க்கரை எங்கிருந்தோ வர வேண்டியதில்லை. கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் நெல்லிக்குப்பத்தில் 1842-இல் தொடங்கிய பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை, நாட்டின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று. சிதம்பரம் பக்கம் சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு ஆலை இருக்கிறது. சர்க்கரைக்குக் குறைவில்லாத இந்த மாவட்டத்தில் பஞ்சுமிட்டாய்க்குப் பகையாக நிற்பது காற்று.

கண்ணாடி நிலைச் சர்க்கரை தண்ணீருக்காக ஏங்கும் பொருள். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்ததும் மூலக்கூறுகள் நகர இடம் கிடைத்து, விட்ட அணிவகுப்பைத் தொடங்கிவிடும். இழை சுருங்கும், பிசுபிசுக்கும், கடைசியில் கட்டியாகும். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஈரப்பதம் 33 சதவீதமாக இருந்தபோது பஞ்சுமிட்டாய் மூன்று நாளில் சரிந்தது. 75 சதவீதத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கடலூர்க் கரையில் காலை வேளையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். பஞ்சுமிட்டாயைப் பாலித்தீன் பையில் கட்டித் தொங்கவிடுவது ஈரக்காற்றைத் தடுக்கத்தான். சிலர் பை உப்பலாகத் தெரிய வாயால் ஊதிக் கட்டுவார்கள். மூச்சிலும் ஈரம் உண்டு, சுகாதாரக் கேடும் உண்டு. அந்தப் பையை வாங்காமல் விடுவது நல்லது.

இளஞ்சிவப்பின் வில்லங்கம்

2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. சில நாட்களில், பிப்ரவரி 17 அன்று, தமிழக அரசும் தடையை அறிவித்தது. சோதனைக்கு எடுத்த மாதிரிகளில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததை ஆய்வுக்கூடம் உறுதி செய்ததே காரணம். துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம் அது. விலங்குகளில் நடந்த சோதனைகளில் அதன் கேடுகள் தெரியவந்திருக்கின்றன. உணவில் சேர்க்க இந்தியாவில் அனுமதி இல்லை. ஆனாலும் விலை மலிவு, சூட்டில் நிறம் மங்காது, ஒரு சிட்டிகையில் கிலோக்கணக்கான சர்க்கரை பளீரென்று சிவக்கும். வாயில் போட்டதும் நாக்கிலும் விரலிலும் அடர் ரோஜா நிறம் ஒட்டிக்கொண்டு கழுவியும் போக மறுத்தால் சந்தேகப்பட வேண்டும்.

தடைச் செய்தி வந்தபோது பலர் பஞ்சுமிட்டாயே விஷம் என்று புரிந்துகொண்டார்கள். அது சரியல்ல. குற்றவாளி சாயம்தான், இயந்திரமோ சர்க்கரையோ அல்ல. உணவில் சேர்க்க அனுமதித்த செயற்கை நிறங்கள் நம் சட்டத்தில் உண்டு, அவற்றுக்கும் அளவு உண்டு. நிறமே சேர்க்காமலும் பஞ்சுமிட்டாய் செய்யலாம். சுவையில் எள்ளளவும் குறையாது, ஏனென்றால் அந்தச் சாயத்தால் சுவைக்கு ஒரு பயனும் இல்லை.

சர்க்கரை அளவைப் பற்றியும் ஒரு சொல். பார்வைக்குத் தலையணை அளவு இருக்கும் ஒரு பஞ்சுமிட்டாயில் இருப்பது பெரும்பாலும் காற்று. சர்க்கரை 20 முதல் 30 கிராம் வரைதான். 300 மில்லி கோலா பானத்தில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதற்காகத் தினமும் தின்னலாம் என்று அர்த்தமில்லை. ஒரு நாளில் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது பெரியவர்களுக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் யோசனை. ஒரு பஞ்சுமிட்டாயில் அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது.

எங்கே உட்கார்ந்து தின்பது?

ராட்டினத்தில் ஏறுவதற்கு முன் தின்ன வேண்டாம். காதின் உட்பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்களில் ஒரு திரவம் இருக்கிறது. உடம்பு சுழலும்போது அதுவும் சுழலத் தொடங்கும். ராட்டினம் நின்ற பிறகும் திரவம் உடனே நிற்காது. உடம்பு சுற்றுகிறது என்று காது சொல்லும், இல்லை என்று கண் சொல்லும். இந்தச் சண்டைதான் தலைசுற்றலும் குமட்டலும். இறங்கியதும் உட்கார்ந்து, அசையாத ஒன்றைச் சிறிது நேரம் பார்த்தால் சண்டை தணியும்.

அந்த வகையில் வெள்ளிக் கடற்கரை மணலுக்கு ஈடில்லை. கண் எட்டும் தூரத்தில் தொடுவானக் கோடு அசையாமல் கிடக்கும். ஆனால் அங்கே பஞ்சுமிட்டாயை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருக்க முடியாது, கடற்காற்று விடாது. வாங்கிய ஐந்து நிமிடத்தில் தின்று முடித்துவிட வேண்டும். சிதம்பரத்தில் தேர்க்கூட்டத்தில் கால் ஓய்ந்தவர்களுக்கு ஞானப்பிரகாசர் குளக்கரைப் பக்கம் ஒதுங்கினால் கொஞ்சம் மூச்சு விடலாம். தண்ணீர்ப் பாட்டில் கையில் இருக்கட்டும். பஞ்சுமிட்டாய் தின்ற வாயை இரண்டு மடக்குத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டால் பல்லுக்கு நல்லது. கண்டுபிடித்த பல் டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அடுத்த திருவிழாவில் பிள்ளை கையை நீட்டினால் மறுக்க வேண்டாம். கடையில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணெதிரே நூற்றுத் தரச் சொல்லுங்கள். "வெள்ளையாக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். நாலு பேர் அப்படிக் கேட்டால் சாயப் பொட்டலம் தானாகக் கடையை விட்டுப் போய்விடும்.