கற்ற கல்வி கைத்திறனாவது எவ்வாறு?

வன்னிக் கமக்காரர்க்கும் விவசாயம் கற்ற இளைஞர்க்கும்

விவசாயம் கற்றுத் தேறிய இளைஞர் பலர் இன்று வன்னியில் உளர். வவுனியாவிலுள்ள இலங்கை விவசாயக் கல்லூரியில் டிப்ளோமாப் பயிற்சி பெற்றோரும், 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கப்பெற்றுப் போரினால் இடம்பெயர்ந்து, பின்னர் அறிவியல் நகரில் மீண்டும் நிலைகொண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திற் பட்டம் பெற்றோரும் அவருள் அடங்குவர். இவர்கள் வயலுக்குத் திரும்பும் முதற் போகத்திலேயே வீட்டிற் கருத்து வேற்றுமை எழுவதுண்டு. அவ்வேற்றுமையையே தேர்ச்சிக்கு வழியாக்கும் முறை ஈண்டு விளக்கப்படுகின்றது.

முன்னையோர் அனுபவம்

1960 களின் பிற்பகுதியில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிற் படித்த வாலிபர்க்குக் காணிகள் வழங்கப்பட்டன. பாடசாலைப் படிப்போடு வந்த அவர்கள், நீரிறைத்து மிளகாய் முதலியவற்றைப் பயிரிட்டுப் போகத்துக்குப் போகம் தொழில் பழகினர். 1970 இன் பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் நல்ல விலை கிடைத்தது. 1977 இல் அது தளர்த்தப்பட்டதும் விலை வீழ்ந்தது. பயிரை வளர்க்கும் திறனோடு செலவைக் கணக்கிடும் திறனும் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

விதையளவு பற்றிய வேற்றுமை

சேற்று வயலில் முளைநெல் வீசி விதைப்பதற்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 2 புசல் போதுமென மகன் கூறுவான். 3 புசலுக்குக் குறையலாகாதெனத் தந்தையார் கூறுவார். புழுதி விதைப்பிற் பறவைகள் உண்பதையும், மழை தாமதித்தால் விதை கெடுவதையும், பயிர் ஐதானால் களை மிகுவதையும் அவர் கண்டவர். இருவர் கூற்றுக்கும் காரணம் உண்டு. எது தம் நிலத்துக்குப் பொருந்துமென்பதை அந்நிலமே காட்டும்.

செய்யவேண்டியவை

1. விதைக்குமுன் நெல்மணிகள் 100 ஐ எண்ணியெடுத்து, ஈரச் சாக்கில் வைத்து முளைக்கச் செய்க. 85 மணிகளேனும் முளைத்தாலே அது நல்ல விதைநெல். முளைதிறன் குறைந்த விதையைக் கொண்டு விதையளவைச் சோதித்தல் பயனற்றது.

2. ஒரே மண்ணும் ஒரே வாய்க்கால் நீரும் உள்ள அரை ஏக்கரை வரம்பிட்டு இரண்டாக்குக. ஒரு பாதியிற் புதிய அளவும் மறுபாதியில் வழக்கமான அளவும் விதைக்க. உரம், களைகட்டல் யாவும் இரண்டிற்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

3. விதைத்த நாள், மழை பெய்த நாள், கூலி, செலவு ஆகியவற்றை அன்றன்றே கொப்பியிற் குறிக்க. அறுவடையை வேறுவேறாக நிறுத்துப் பார்க்க.

4. ஒரு போகத்தின் விளைவைக் கொண்டு முடிவு செய்யற்க. இரண்டு மூன்று காலபோகங்களிற் செய்து பார்க்க.

ஏக்கருக்கு ஒரு புசல் மீதமாயின், 5 ஏக்கருக்கு 105 கிலோ வரை விதைநெல் மிஞ்சும்.

தோட்டப் பயிரிற் கண்பழக்கம்

மிளகாய் இலை சுருளுவதைக் கண்டவுடன் மருந்து தெளித்தல் தவறு. பனிப்பூச்சி தாக்கினால் இலை விளிம்பு பெரும்பாலும் மேனோக்கிச் சுருளும். மைற்றா எனும் சிற்றுண்ணி தாக்கினாற் கீழ்நோக்கிச் சுருளும். பனிப்பூச்சிக்குரிய மருந்துகள் பல மைற்றாவைக் கட்டுப்படுத்தா. இதனை வகுப்பில் ஒரு நாளிற் கற்கலாம். ஆயினும், நாள்தோறும் காலையில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து வருவோனுக்கே நோயைத் தொடக்கத்தில் அறியுங் கண் வாய்க்கும்.

பெற்றோர்க்கு

நகையை அடகு வைத்து விதைக்கும் குடும்பத்துக்கு ஒரு போகத்தின் தோல்வி பெருஞ் சுமையாகும். ஆதலின் முழு வயலையும் புதிய முறைக்கு விட அஞ்சுதல் நியாயமே. எனினும் அரை ஏக்கரையாவது மகனுக்கோ மகளுக்கோ ஒப்படைத்து, கணக்கையும் அவர்களே வைத்திருக்கச் செய்க. பிழை நேரின் இழப்புச் சிறிது, படிப்பினை பெரிது. அதனையும் மறுத்தால், கற்ற பிள்ளை நகரத்தில் வேறு வேலை தேடிச் செல்லக்கூடும். வயலும் தனக்கு வாய்த்த கல்வியை இழக்கும்.

விதைப்புக்கு முன்னரே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு, சோதனைப் பாத்தியின் விவரத்தைக் கூறி ஆலோசனை பெறுக. அறுவடையின் பின் குறிப்புக் கொப்பியுடன் மீண்டும் அவரைக் காண்க.