சின்னஞ்சிறு புகையிரதத்துக்கு ஒரு தொட்டில்

மாதிரிப் புகையிரதம் என்றவுடன் சிறுவர் விளையாட்டுப் பொருள் என்றே நம்மவர் பலர் எண்ணுவர். இங்கிலாந்திலோ முதியோரும் அதனைப் பேணிக் காப்பதில் ஓய்வுப்பொழுதைக் கழிக்கின்றனர். சென்ற ஆண்டு இலண்டனில் தமக்கையார் இல்லத்தில் தங்கியிருந்த வேளையில், அக்கலையின் நுட்பமொன்றை நாமும் கற்றோம். கற்றதற்கு ஒரு விலையும் கொடுத்தோம்.

13 வயது நிரம்பிய மருமகன் தன் சேமிப்புப் பணத்தில் 'மல்லார்ட்' என்னும் நீராவி இயந்திரத்தின் மாதிரியை வாங்கியிருந்தான். 1938 இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி உலக சாதனை நாட்டிய இயந்திரம் அது. அந்நாட்டில் வழங்கும் 'ஓஓ' அளவில் ஓர் அடி 4 மில்லிமீற்றராகச் சுருங்கும். நிலக்கரிப் பெட்டியுடன் ஏறக்குறைய 71 அடி நீளமுள்ள அவ்வியந்திரம் மாதிரியில் எவ்வளவாகும்? மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம், 284 மில்லிமீற்றர்.

ஒருநாள் அது தயங்கித் தயங்கி ஓடிற்று. சில்லுகளில் அழுக்குப் படிந்தால் தண்டவாளத்து மின்சாரம் மோட்டாரைச் சென்றடைவதில்லை. துடைப்பதற்கு இயந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தல் வேண்டும். நாம் துவாயொன்றை மடித்து விரித்து, இடக்கையாற் பிடித்து, வலக்கையாற் துடைக்கலானோம். இயந்திரம் உருண்டது, பக்கத்துக் கைபிடிக் கம்பி முறிந்தது. "பரவாயில்லை மாமா" என்றான் பிள்ளை. அவன் முகமோ வேறு கூறிற்று.

அதன்பின்னரே பிடிகருவிகளை ஆராயத் தலைப்பட்டோம். நல்ல பிடிகருவிக்கு மூன்று இலக்கணம் வகுத்துக்கொண்டோம். பொருள் அசையலாகாது, நுண்ணிய உறுப்புகள் நசுங்கலாகாது, இரு கைகளும் வேலைக்கு ஒழிந்திருத்தல் வேண்டும்.

முதலில் இரும்பு 'வைஸ்'. அசையாமற் பிடிப்பதில் அதற்கு நிகரில்லை. ஆயின் அதன் தாடைகள் மெல்லிய பிளாஸ்ரிக் உடலை நெருக்கிவிடும். தனியே கழற்றிய உலோகச் சட்டத்துக்கு அது தகும். முழு இயந்திரத்துக்குத் தகாது.

அடுத்தது 'தொட்டில்' என்றே ஆங்கிலத்தில் அழைக்கப்படும் கருவி. ஆங்கில 'வீ' எழுத்தைப்போல் விரிந்த நுரைப்பஞ்சுப் பள்ளம் அது. கவிழ்த்து வைத்த இயந்திரம் தன் பாரத்தினாலேயே அதனுள் பொருந்தி அமரும். கம்பி உள்ள இடத்தில் பஞ்சு தானே விட்டுக்கொடுக்கும். இருபக்கச் சில்லுகளிலும் 12 வோல்ற்று மின்கம்பிகளைத் தொடுத்தோம், சில்லுகள் சுழன்றன. மதுசாரம் தோய்த்த பஞ்சுக் குச்சியால் அழுக்கை எளிதிற் துடைத்தெடுத்தோம்.

குறைகளும் உள. நுரைப்பஞ்சு எண்ணெயை உறிஞ்சும். ஈரலிப்பான காற்றில் ஆண்டுகள் செல்ல அது உதிர்வதுண்டு. உதிர்ந்த துகள்கள் பற்சில்லுகளுட் புகுந்தால் புதுத் தொல்லை. ஆகவே மெல்லிய துணியொன்றை அதன்மேல் விரித்துக்கொள்வது நன்று. எண்ணெயை ஊற்றாது ஊசிமுனையால் ஒரு துளி இடுதல் போதும். வாங்குமுன் இயந்திரத்தின் நீளத்தையும் அளந்துகொள்க. தொட்டில் குட்டையாயின் இருமுனைகளும் அந்தரத்தில் நிற்கும்.

விலை கொடுத்து வாங்க இயலாதோர், சாய்வாகப் பொருத்திய இரு பலகைகளில் நுரைப்பஞ்சை ஒட்டித் தாமே செய்துகொள்ளலாம்.

முறிந்த கம்பியைப் பசையிட்டு ஒட்டினோம். இயந்திரம் முன்போல் ஓடுகிறது. உற்று நோக்கினால் ஒட்டிய தழும்பு இன்றும் தெரியும். தொட்டிலை முதலில் தேடியிருந்தால் அத்தழும்பு இருந்திராது.