வரலாற்றைத் திரித்தல்: ஒரு வழக்கு கற்பிக்கும் பாடம்

வரலாறு கடந்த காலத்தைப் பற்றியது. ஆயினும் அது எடுத்தாளப்படுவது இன்றைய நீதிமன்றங்களிலும் ஆய்வரங்குகளிலும் பொதுமேடைகளிலும்தான். எனவே, தத்தம் நோக்கத்திற்கேற்ப அதனை வளைக்க முயல்வோர் எக்காலத்தும் உளர். கருத்து வேறுபாடு வேறு; திரிபு வேறு. ஒரே ஆவணத்தைப் பயிலும் இருவர் இருவேறு முடிவுகளுக்கு வருவது ஆய்வின் இயல்பு. ஆவணத்தில் இல்லாததை உள்ளதாகக் காட்டுவதும், உள்ளதை மறைப்பதும் திரிபு ஆகும். இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? இலண்டன் உயர் நீதிமன்றத்தில் 2000ஆம் ஆண்டு நடைபெற்ற வழக்கொன்று இதற்குத் தெளிவான விடை தருகின்றது.

இரண்டாம் உலகப்போரின்போது நாஜிகள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றனர். இவ்வுண்மையை மறுப்போரைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில், ஆங்கிலேய எழுத்தாளர் டேவிட் இர்விங் சான்றுகளைத் திரிப்பவர் எனக் குறிப்பிட்டார். இர்விங் 1996இல் அவர்மீதும் பெங்குவின் பதிப்பகத்தின்மீதும் அவதூறு வழக்குத் தொடுத்தார். இங்கிலாந்துச் சட்டப்படி, தாம் எழுதியது உண்மையென நிறுவும் பொறுப்பு எழுதியவரையே சாரும். அதனை நிறுவத் தவறினால், நேர்மையாக எழுதப்பட்ட ஒரு நூல் சட்டத்தின் துணைகொண்டே முடக்கப்பட்டுவிடும் நிலை.

எதிர்த்தரப்பு வழக்குரைஞர்கள், கொடுமையிலிருந்து உயிர் தப்பியோரைச் சாட்சிகளாக அழைக்கவில்லை. தமக்குத் தாமே வாதாடிய இர்விங்கின் குறுக்கு விசாரணைக்கு அவர்களை உட்படுத்த விரும்பாமையே காரணம். மாறாக, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரிச்சர்ட் எவன்ஸ் என்பாரிடம் இர்விங்கின் நூல்களை ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் கையாண்ட முறை எளியது: இர்விங் காட்டிய மேற்கோள்களைப் பின்பற்றிச் சென்று, மூல ஆவணங்களோடு ஒப்பிட்டார். ஆய்வின் முடிவு 700 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கையாயிற்று. அதிலிருந்து இரண்டு சான்றுகளைக் காண்போம்.

முதலாவது, 1941 நவம்பர் 30ஆம் நாள் நாஜித் தலைவர்களுள் ஒருவரான ஹிம்லர் எழுதிவைத்த தொலைபேசிக் குறிப்பு. பெர்லினிலிருந்து யூதர்களை ஏற்றிச்சென்ற ஒரு தொடர்வண்டியைச் சுட்டி, அவர்களைக் கொல்ல வேண்டாம் என்கிறது அக்குறிப்பு. யூதர் எவரையும் கொல்லலாகாது என ஹிட்லரே ஆணையிட்டதற்கு இதுவே சான்று என இர்விங் எழுதினார். குறிப்போ ஒரு வண்டியை மட்டுமே சுட்டியது. அந்த அழைப்பிற்கு முன்னர் ஹிட்லர் ஆணையிட்டார் என்பதற்கும் சான்றில்லை. அவ்வண்டியில் சென்றோர் அன்று காலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர்.

இரண்டாவது, 1945 பிப்ரவரியில் நேச நாடுகளின் குண்டுவீச்சுக்கு உள்ளான டிரெஸ்டன் நகரின் கணக்கு. இறந்தோர் 202,040 பேர் என்றும், அத்தொகை 250,000 வரை உயரலாம் என்றும் கூறிய ஓர் ஆவணத்தை இர்விங் பயன்படுத்தினார். மூல ஆவணத்தில் இருந்தவையோ 20,204, 25,000 என்னும் எண்களே. யாரோ ஒவ்வோர் எண்ணின் ஈற்றிலும் ஒரு சுழியத்தைச் சேர்த்திருந்தனர். இதனை இர்விங் 1966இல் டைம்ஸ் நாளிதழில் ஒப்புக்கொண்டார்; எனினும் பிற்காலத்திலும் மிகையான தொகைகளையே கூறிவந்தார். டிரெஸ்டன் நகரம் அமைத்த வரலாற்றறிஞர் குழுவும், இறந்தோர் அதிகபட்சம் 25,000 பேர் என 2010இல் முடிவு கூறியது.

நீதிபதி சார்ல்ஸ் கிரே 2000 ஏப்ரல் 11இல் இர்விங்கின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். நாஜிக் காலத்தில் நிகழ்ந்தவற்றைத் தீர்மானிப்பது தம் பணியன்று. சான்றுகள் நேர்மையாகக் கையாளப்பட்டனவா என்பதே ஆய்வுக்குரியது என அவர் வரையறுத்துக்கொண்டார். அவருடைய தீர்ப்பில் ஆசிரியர்களும் மாணவர்களும் நினைவிற்கொள்ள வேண்டிய கருத்தொன்று உண்டு. அறியாமையால் நேரும் பிழைகள் பல திசைகளில் சிதறும். சில ஒருவருடைய கருத்துக்குத் துணைநிற்கும், சில எதிராக அமையும். இர்விங்கின் பிழைகளோ அனைத்தும் ஹிட்லருக்குச் சாதகமான ஒரே திசையில் சாய்ந்திருந்தன. அச்சாய்வே உள்நோக்கத்தைக் காட்டிக்கொடுத்தது.

எல்லாவற்றிற்கும் இரண்டு பக்கம் உண்டு என்பது நடுநிலைபோல் தோன்றும். எனினும், கருத்துக்குத்தான் இரண்டு பக்கம் இருக்க இயலும்; 20,204 என்னும் எண்ணுக்கு இராது. மறுப்பாளர்களோடு மேடையேறி வாதிட லிப்ஸ்டாட் உடன்படாமைக்கும் இதுவே காரணம். ஆகவே, வரலாற்றுச் செய்தியொன்று வகுப்பறைக்கு வரும்பொழுது, அதன் மூல ஆவணம் எது, மேற்கோளுக்கு முன்னும் பின்னும் என்ன உள்ளது, பிழை சுட்டப்பட்டபோது எழுதியவர் திருத்திக்கொண்டாரா என்று வினவ மாணவரைப் பழக்க வேண்டும். அடிக்குறிப்பைப் புரட்டிப் பார்க்கும் மாணவனை ஒரு சுழியத்தால் ஏமாற்றுதல் அரிது.