கைமாறும் சொகுசு வண்டி: கொடுக்கத் தகும் விலை எது?

அம்பாசடர் ஒன்று வந்து நின்றாலே திரும்பிப் பார்த்த தெருக்களில், இன்று ஃபார்ச்சூனரும் எண்டவரும் நிற்கின்றன. வலங்கைமானிலிருந்து கும்பகோணம் வரை ஒரு முறை போய்வந்தால் இந்த மாற்றத்தைக் கண்ணாரக் காணலாம். இவற்றில் பல, ஒருவர் ஓட்டி மற்றவருக்கு விற்றவை. சபுராளி ஒருவர் நாற்பது நாள் விடுப்பில் ஊர் வருகிறார். வீட்டில் நிக்காஹ் நெருங்குகிறது. உறவினரை ஏற்றிச் செல்லப் பெரிய வண்டி வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. தரகர் வருகிறார். பத்தாண்டு வெயிலில் நின்று சேர்த்த பணம் ஒரே பிற்பகலில் கைமாறி விடுகிறது! விலையை ஏற்றுவது பெரும்பாலும் வண்டியின் தரமன்று, வாங்குபவரின் அவசரமே.

அப்படியானால் நியாயமான விலை எது? காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றிவரும் தேய்மானக் கணக்கு நல்லதொரு தொடக்கம். அதன்படி ஓராண்டு முடிவதற்குள் வண்டியின் மதிப்பில் 15 விழுக்காடும், இரண்டு ஆண்டுகளுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50 விழுக்காடும் கழிக்கப்படும். நாற்பது லட்சம் ரூபாய் வண்டி ஐந்தாம் ஆண்டில் இருபது லட்சமாகிறது. அதற்குப் பின் இரு தரப்பும் பேசி முடிவு செய்வதுதான். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கழிவு, அன்று அவர் வாங்கிய விலையிலிருந்து அன்று. அதே வண்டியின் இன்றைய புது விலையிலிருந்து. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய வண்டிகளின் மீதிருந்த 28 விழுக்காடு வரியும் 22 விழுக்காடு கூடுதல் தீர்வையும் நீங்கி, 40 விழுக்காடு என்ற ஒரே வரி வந்துவிட்டது. ஆகவே, “நான் இவ்வளவு கொடுத்து வாங்கினேன்” என்று விற்பவர் காட்டும் பழைய ரசீது, இன்றைய பேரத்துக்கு உரிய அளவுகோல் ஆகாது.

இக்கணக்கைச் சந்தை அப்படியே ஏற்பதில்லை என்பதும் உண்மையே. பிதடியில் தயாராகும் டொயோட்டா ஃபார்ச்சூனர் அட்டவணையைக் காட்டிலும் கூடுதலாக விலை போகும். சென்னையை அடுத்த மறைமலை நகரில் உருவான ஃபோர்டு எண்டவரின் கதை வேறு. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. வண்டியின் வலிமை அன்றிரவே குறைந்துவிடவில்லை. வாங்குவோரின் நம்பிக்கை குறைந்தது. உதிரி பாகங்களும் பராமரிப்பும் தொடரும் என்று நிறுவனம் உறுதி கூறியது. எனினும், பாகம் வரும்வரை வண்டி பணிமனையில் காத்துக் கிடக்கலாம் என்ற அச்சத்துக்கும் ஒரு விலை உண்டன்றோ? அவ்விலையைக் கழித்துக் கேட்பது நியாயமே. எண்டவரில் 2020இல் வந்த இரண்டு லிட்டர் எஞ்சினும், அதற்கு முந்தைய 2.2, 3.2 லிட்டர் எஞ்சின்களும் வேறு வேறானவை. எது என்று கேட்டறிந்து, அதைப் பழுது பார்த்துப் பழகியவர் அருகில் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் விசாரித்த பிறகே விலை பேசவேண்டும்.

“தில்லி வண்டி, பாதி விலை” என்ற ஆசைவார்த்தையும் உலவுகிறது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளைத் தில்லி வட்டாரத்தில் ஓட்டத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025இல் அக்கட்டு ஓரளவு தளர்ந்தது. தடைக்கு அஞ்சி விற்கப்பட்ட வண்டிகள் தெற்கே வந்தன. மலிவுதான், ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று, ஓராண்டுக்குள் இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டின் ஆயுள் வரியையும் செலுத்தவேண்டும். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவு கரைந்து போகும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை அடையாளம் காண்பது இதைவிட முக்கியம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை தென்படலாம். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கையைப் பிணைத்த போல்டுகளில் துரு உள்ளதா என்று நோக்குங்கள். நனைந்த தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே காட்டிய வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். நெல் விளையும் இம்மண்ணில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை. நம்மில் வண்டி விற்பவருக்கும் அது பொருந்தும்: விபத்தில் அடிபட்டதைச் சாயம் பூசி மறைத்துப் பெற்ற விலை நியாயமான விலையன்று.

தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. 29, 30 ஆகிய படிவங்களில் கையொப்பம் வாங்கியதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அது போதாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், கார் பல கைகள் மாறியிருந்தும் பதிவேட்டில் முதல் உரிமையாளர் பெயரே இருந்தது. விபத்துக்கான இழப்பீடு அவர் தலையில் விழுந்தது. ஆகவே பெயர் மாற்றத்தில் வாங்குபவரைப் போலவே விற்பவருக்கும் அக்கறை வேண்டும். வங்கிக் கடன் இருந்திருப்பின் அது நீக்கப்பட்டதா என்பதைப் பதிவுச் சான்றிலும் பரிவாகன் தளத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

பேசி முடிக்கும் முன், முதல் ஓராண்டுச் செலவைத் தாளில் எழுதுங்கள். நான்கு டயர்களுக்கே ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும். காப்பீடு, பிரேக், பேட்டரி எனத் தொகை வளரும். டீசலோ லிட்டருக்குப் பத்து கிலோமீட்டரை ஒட்டியே ஓடும். (பதினாறடி நீள வண்டி நம் தெருவில் திரும்புமா என்பதையும் அளந்துகொள்வது நல்லது!) அத்தொகையை அட்டவணை மதிப்பிலிருந்து கழித்து வருவதே கேட்கத் தக்க விலை. “இன்னொருவர் முன்பணத்தோடு நிற்கிறார்” என்று தரகர் சொன்னால், அவருக்கே கொடுத்துவிடும்படி அமைதியாகக் கூறிவிடுங்கள். விற்பவர் மருத்துவச் செலவுக்கோ கடனுக்கோ தவித்து நிற்பாரானால், அந்தத் தவிப்பைக் காட்டி மேலும் குறைப்பதும் தகாது.

வண்டியைச் சோதிக்க நம் நம்பிக்கைக்குரிய மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லவேண்டும். அவருடைய கூலியை வாங்குபவரே கொடுக்கட்டும். தரகர் கொடுக்க விடக்கூடாது.